ஆஸ்துமாவும் ஸ்டீராய்டும்: என் பதினோரு வருட அனுபவம்

கானாடுகாத்தானில் எங்கள் பெரிய வீடு வருடத்தில் பாதி நாள் பூட்டியே கிடக்கும். 2014 பொங்கலுக்கு முன் திறந்து ஒட்டடை அடித்தோம். அன்று ராத்திரி இளைப்பு வந்து, இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை. காரைக்குடிக்குக் கொண்டுபோய் நெபுலைசர் வைத்தார்கள். கூடவே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, தினம் 40 மில்லிகிராம், ஐந்து நாளைக்கு. ஸ்டீராய்டு வேலைசெய்யச் சில மணி நேரம் ஆகும். விடிகிற நேரத்தில்தான் மூச்சு சீரானது. அன்று அந்த மாத்திரை என்னைக் காப்பாற்றியது, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஐந்து நாளும் தூக்கம் கெட்டது. அகோரப் பசி, சீப்புச் சீடை டப்பா காலி. சர்க்கரை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் 260 வரை போய், மாத்திரை முடிந்ததும் இறங்கியது. மூச்சு முட்டுவதைப் பார்க்கும்போது இதெல்லாம் பெரிய விலை இல்லை.

தப்பு பிறகுதான் நடந்தது. இளைப்பு வரும்போதெல்லாம் பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் நானே வாங்கிப் போட்டுக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை. ஒரு கல்யாணத்தில், "ஆச்சி, முகம் பூரிச்சு நல்லா இருக்கீக" என்றார்கள். அது பூரிப்பு இல்லை, ஸ்டீராய்டு வீக்கம். எலும்பு ஸ்கேனில் அடர்த்தி குறைந்திருந்தது. "இதுவரை எத்தனை தடவை சாப்பிட்டீங்க?" என்று டாக்டர் கேட்டார். எனக்குக் கணக்குத் தெரியவில்லை. ஐந்தாறு நாள் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தலாமாம். வாரக்கணக்கில் போட்டால் உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு குறைந்துவிடும், அப்போது படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று அவர்தான் விளக்கினார்.

2018 முதல் தினமும் புடெசோனைடு என்ற ஸ்டீராய்டும், மூச்சுக்குழாயை விரிக்கும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்த இன்ஹேலர். இதுவும் ஸ்டீராய்டுதானே என்று முதலில் பயந்தேன். ஒரு இழுப்பில் ஸ்டீராய்டு 200 மைக்ரோகிராம். ஒரு நாள் மாத்திரையில் இருந்தது அதைப்போல் 200 மடங்கு எடை. இரண்டின் வீரியமும் ஒன்றில்லை, ஆனாலும் இது நேராக நுரையீரலுக்குப் போவதால் கொஞ்சமே போதும். குரல் கம்மும், நாக்கில் வெள்ளை படியும். ஸ்பேசர் (இன்ஹேலரோடு மாட்டும் குழாய்) வைத்து இழுத்து, வாய் கொப்பளித்துத் துப்ப ஆரம்பித்ததும் வெள்ளை படிவது நின்றது.

அதற்கப்புறம் மாத்திரை தேவைப்பட்டது இரண்டே தடவை. இரண்டும் தேதியோடு நோட்டில் இருக்கிறது. பொங்கலுக்கு ஒட்டடை அடித்து, ஈரத்துணியால் துடைத்து முடிந்த மறுநாள்தான் நான் ஊருக்குப் போகிறேன்.