மேம்படுத்திய சர்வர் முரண்டு பிடித்தால்: சரிசெய்வதா, பின்வாங்குவதா, புதிதாக நிறுவுவதா?

திருப்பூரில் பின்னலாடை நிறுவனங்களின் சர்வர்களைப் பராமரிப்பவர்களுக்கு வாரத்தில் ஒரே ஓர் இடைவெளிதான் கிடைக்கும். சனிக்கிழமை மாலை வாரச் சம்பளம் போட்டு முடிந்ததிலிருந்து, திங்கள் காலை முதல் டெலிவரி சலான் அச்சாகும் வரை உள்ள நேரம் அது. சர்வரின் இயங்குதளமான டெபியனை 11-ஆம் பதிப்பிலிருந்து 12-க்கு உயர்த்தும் வேலையை நான் அந்த நேரத்தில்தான் வைத்துக்கொள்கிறேன். ஞாயிறு மதியம் மறுதொடக்கம் செய்ததும் சில சேவைகள் எழாமல் கிடந்தால் மூன்று வழிகள் உண்டு: அங்கேயே உட்கார்ந்து சரிசெய்வது, உயர்த்தும் முன் வட்டின் நிலையைப் பதிந்துவைத்த ஸ்னாப்ஷாட்டைக் கொண்டு பழைய நிலைக்குத் திரும்புவது, வேறொரு கணினியில் புதிய பதிப்பைச் சுத்தமாக நிறுவிச் சேவைகளை ஒவ்வொன்றாக மாற்றுவது. மூன்றையும் வெவ்வேறு சர்வர்களில் செய்து பார்த்திருக்கிறேன். எது நல்லது என்று கேட்பவர்களிடம், பிழை பெரியதா சிறியதா என்பதை விட்டுவிட்டு, உயர்த்திய சர்வரில் முதல் பில் பதிவாகிவிட்டதா என்றே முதலில் கேட்பேன்.

பிழைக்குப் பெயர் தெரிந்தால் சரிசெய்வதே மலிவான வழி. தோல்வியடைந்த சேவைகளைச் சிஸ்டம்சிடிஎல் என்ற கட்டளை பட்டியலிட்டுவிடும். அவை ஏன் விழுந்தன என்பதை, பதிவேட்டைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளை சொல்லிவிடும். டெபியன் 12-இல் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை முன்பே முகம் தெரிந்தவை. வலைப்பக்கங்களை வழங்கும் அப்பாச்சியில், பக்கங்களை உருவாக்கும் நிரல்மொழியான பிஎச்பியின் 7.4 பதிப்பு இயங்கிக்கொண்டிருந்தால் புதிய 8.2 தானாக அதன் இடத்துக்கு வராது. தேவையற்ற தொகுப்புகளை நீக்கும்போது 7.4-உம் போய்விட, உலாவியில் பக்கத்துக்குப் பதிலாக பிஎச்பி நிரலே தெரியும். 8.2-ஐச் செயல்படுத்தி அப்பாச்சியை மறுதொடக்கம் செய்தால் அது தீர்ந்தது. வேறு கணினியிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச்சில், 8.8 பதிப்பு முதல், எஸ்எச்ஏ-1 என்ற பழைய முறையைக் கொண்டு ஆர்எஸ்ஏ வகைச் சாவியால் இடும் கையொப்பம் இயல்பாக ஏற்கப்படுவதில்லை. டெபியன் 12-இல் இருப்பது 9.2 என்பதால், இரவில் வந்து பேக்கப் எடுத்துச்செல்லும் பழைய சேமிப்புப் பெட்டி வாசலிலேயே நிறுத்தப்படும். சாவி கெட்டுவிட்டது என்று புதுச் சாவி உருவாக்கிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்; அந்தக் கையொப்ப முறையை அந்தப் பயனருக்கு மட்டும் அனுமதிக்கும் இரண்டு வரிகள் போதும்.

கணக்குகளைச் சேமிக்கும் தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ் இவற்றைவிட நயவஞ்சகமானது. டெபியனை உயர்த்தினாலும் பழைய 13-ஆம் பதிப்பின் தரவுத்தளம் 5432 என்ற துறையிலேயே (போர்ட்) தொடர்ந்து ஓடும். புதிய 15-ஆம் பதிப்பு, காலியான தரவுத்தளத்தோடு, 5433-இல் ஓரமாக உட்கார்ந்திருக்கும். எல்லாம் வேலை செய்வதால் எவருக்கும் சந்தேகம் வராது. டெபியனின் பாதுகாப்புத் திருத்தங்கள் இனி எட்டாத பதிப்பில்தான் கணக்கு முழுவதும் இருக்கிறது என்பது, யாராவது பதிப்பு எண்ணைப் பார்க்கும் வரை தெரியாது.

சரிசெய்யும் வழியின் உண்மையான குறை வேறு. அவசரத்தில் கையால் தொடங்கிய சேவை அப்போதைக்கு ஓடுகிறது. கணினி எழும்போது தானாகத் தொடங்குமாறு அதைப் பதிவு செய்ய மறந்துவிடுகிறோம். அந்த மறதி, துணை மின்நிலையத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில், யுபிஎஸ் தீர்ந்து சர்வர் அணைந்து எழும்போதுதான் வெளியே வரும். அதனால் எல்லாம் சரியானது என்று தோன்றியபின் ஒரு முறை அணைத்து எழுப்பிப் பார்க்காமல் நான் வீட்டுக்குக் கிளம்புவதில்லை.

பின்வாங்குவது மூன்றிலும் வேகமானது. ஆனால் அந்த வேகத்துக்கு ஆயுள் மிகக் குறைவு. வட்டுப் பகுதிகளை நிர்வகிக்கும் எல்விஎம்மில் எடுத்த ஸ்னாப்ஷாட்டை மீண்டும் இணைத்துவிட்டு எழுப்பினால் சில நிமிடங்களில் பழைய சர்வர் கைக்கு வரும் என்பது ஏட்டளவில் உண்மை. நடைமுறையில், துவக்கக் கோப்புகள் இருக்கும் பகுதி பல சர்வர்களில் எல்விஎம்முக்கு வெளியே இருக்கிறது. அதில் இயங்குதளத்தின் கருவான கெர்னல் புதியதாக அப்படியே நிற்க, வன்பொருளை இயக்க அதற்குத் தேவையான மாட்யூல்கள் மட்டும் திரும்பிவந்த பழைய வட்டில் இல்லாமற்போகும். கணினி எழும்போது வரும் கிரப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால்தான் நெட்வொர்க் கார்டு உயிர்பெறும். ஸ்னாப்ஷாட்டுக்கு ஒதுக்கிய இடம் சிறியதாக இருந்து, உயர்த்தும்போதே நிரம்பிவிட்டால், அது செல்லாக்காசு.

ஒரு திங்கட்கிழமை இதை நான் முழுதாக அனுபவித்தேன். ஞாயிறு அன்று போஸ்ட்கிரெஸ்ஸையும் 15-க்கு மாற்றி, லாகின் பக்கம் திறப்பதைப் பார்த்துத் திருப்தியடைந்திருந்தேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஸ்டோரிலிருந்து அழைப்பு வந்தது: “ஏனுங்க, நூல் வரவெல்லாம் ஏறுதுங்க, டிசி போட்டா மட்டும் வெள்ளைப் பக்கமா வருதுங்க.” டிசி என்று அவர் சொன்ன டெலிவரி சலானை அச்சிடும் நிரலில், பிஎச்பி 8-இல் நீக்கப்பட்ட ஒரு பழைய செயற்கூறு இருந்தது, பிழைச்செய்தி திரையில் காட்டப்படாததால் வெள்ளைப் பக்கம். சர்வரில் திருத்துவதற்கு எதுவும் இல்லை, திருத்த வேண்டியது நிரலை. அதை எழுதியவரோ ஊரில் இல்லை. வாசலில் வண்டி நிற்க, சலான் இல்லாமல் துணி சாயப்பட்டறைக்குப் போகாது. பின்வாங்கினேன். அதற்குள் ஏறியிருந்த இருபதுக்கும் மேற்பட்ட வரவுகளைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. 15-இலிருந்து எடுத்த தரவு நகல் 13-க்குள் ஒழுங்காக இறங்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஸ்டோர்காரர் காகிதங்களைப் பார்த்து எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்தார். தரவுத்தளத்தை அன்றே உயர்த்தாமல் 13-இலேயே விட்டிருந்தால், ஒரு நகல் எடுத்து ஏற்றியிருப்பேன். இப்போதெல்லாம் அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கிறேன்.

நிரல் புதிய பிஎச்பியில் ஓடாது என்றால், டெபியன் 12-இல் அங்கேயே சரிசெய்வதும் புதிதாக நிறுவுவதும் ஒரே சுவரில்தான் முட்டும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அப்போது பின்வாங்கல் மட்டுமே அவகாசம் தரும்.

புதிதாக நிறுவும் வழிக்கு இன்னொரு கணினியும் ஒரு வார வேலையும் தேவை. முதலாளிகள் இதற்கு எளிதில் இசைவதில்லை. ஓடுகிற வண்டிக்கு எதற்கு மறுவண்டி என்பார்கள். ஆனால் பத்தாண்டுகளாகப் பலர் கைபட்ட சர்வரில், எந்த அமைவுக் கோப்பை யார் ஏன் மாற்றினார்கள் என்று தெரியாத நிலையில், நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். பழைய சர்வர் தொடர்ந்து ஓடுவதால் சலானை உட்பட ஒவ்வொரு பக்கத்தையும் நிதானமாகச் சோதிக்கலாம். திங்கள் காலை என்ற கெடு இல்லை. கவனிக்க வேண்டியவை சில உண்டு. அமைவுக் கோப்புறையை மட்டும் நகலெடுப்பவர்கள், குறித்த நேரத்தில் தானாக ஓட வேண்டிய வேலைகளைக் கொண்ட பயனர்களின் கிரான் பட்டியல் வேறிடத்தில் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். இரவு பேக்கப் சத்தமில்லாமல் நின்றுபோகும். பயனர் எண்கள் இரு சர்வர்களிலும் மாறுபட்டால் எந்தக் கோப்பு யாருடையது என்பது குழம்பிவிடும். சர்வரை அடையாளம் காட்டும் பழைய எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிகளைக் கொண்டுவராவிட்டால், இணைய வரும் ஒவ்வொரு கணினியும் இது வேறு ஆள் என்று கூச்சலிடும்.

ஆகவே என் வரிசை இது. ஞாயிறு மாலைக்குள் பிழைக்குப் பெயர் கிடைத்தால் சரிசெய்கிறேன். கிடைக்காவிட்டால், எவரும் ஒரு பதிவும் போடாத அந்த இரவிலேயே பின்வாங்கிவிட்டு, புதுக் கணினிக்கு விலைப்பட்டியல் கேட்கிறேன். திங்கள் காலை பில்கள் ஏறிவிட்ட பிறகு பிழை தெரிந்தால், உயர்த்திய சர்வரோடேயே மல்லுக்கட்டுகிறேன்; பின்வாங்குவது, அன்று போல வண்டி வாசலில் நிற்கும் நாளுக்கு மட்டும்.