பழைய மினி: மாஸ்டர் சிலிண்டரை கழட்டியாச்சு, இப்ப சீல் கிட்டா, புதுசா, ஸ்லீவா?

பழைய மினி கார்ல பிரேக் மாஸ்டர் சிலிண்டரும் கிளட்ச் மாஸ்டர் சிலிண்டரும் டிரைவர் பக்கம் பானெட்டுக்கு அடில பக்கத்து பக்கத்துல நிமிர்ந்து நிக்கும். பெடலை மிதிச்சா உள்ள இருக்குற பிஸ்டனால ஃப்ளூயிடை பைப்புக்குள்ள தள்ளுறது இதுதான். பாத்தா ஆளுக்கு ரெண்டு நட்டு, ஒரு பைப்பு, இவ்ளோதானேன்னு தோணும். ஆனா உண்மையான வேலை மேல இல்ல, கீழ இருக்கு. என் கார்ல கிளட்ச் சிலிண்டர் ஒழுகி ஃப்ளூயிட் பெடல் வழியா கார்பெட்டுக்கு இறங்க ஆரம்பிச்சுது, பிரேக் பெடலும் மிதிச்சு பிடிச்சா மெதுவா உள்ள இறங்கிட்டே இருந்துச்சு, சரின்னு ரெண்டையும் சேர்த்தே கழட்டிட்டேன். அதுக்கப்புறம் சீல் கிட் போடுறது (உள்ள இருக்குற ரப்பரை மட்டும் மாத்துறது), புது சிலிண்டர் வாங்குறது, பழைய பாடிக்கே ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போடுறது (துளைக்குள்ள புது குழாய் ஏத்துறது)ன்னு மூணு வழி. நான் ஸ்லீவ் போட்டவன், அந்தப் பக்கம் சாய்ஞ்சுதான் எழுதுறேன்.

கழட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு. கியர் போடும்போது கரகரன்னு சத்தம் வந்தா உடனே கிளட்ச் சிலிண்டர் போச்சுன்னு முடிவு பண்ணிடாதீங்க. பெடலையும் புஷ்ராடையும் (பிஸ்டனைத் தள்ளுற கம்பி) சேக்குற கிளெவிஸ் பின் தேஞ்சிருக்கும், அது போற ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். அங்க போற கொஞ்சம் ஆட்டத்துலயே பெடல் ஓட்டம் வீணாகி கிளட்ச் முழுசா விடாது. அப்படி இருந்தா புது பின் போட்டு, ஓட்டையை சரி பண்ணாலே வேலை முடிஞ்சிடலாம்.

மேல வேலை சுலபம்தான். சிலிண்டரோட டேங்க்ல இருக்குற ஃப்ளூயிடை சிரிஞ்சால உறிஞ்சி எடுத்துடுங்க, சுத்தி துணி போடுங்க, பெயிண்ட் மேல பட்டா உரிச்சிடும், பட்டுட்டா உடனே தண்ணி ஊத்தி கழுவணும். பைப் நட்டுக்கு சாதா ஸ்பேனர் வேண்டாம், பைப் நட்டுக்குன்னே வர்ற ஃப்ளேர் ஸ்பேனர் போடுங்க. பழைய நட்டு முனை மழுங்கிட்டா அப்புறம் பைப்பையே வெட்டி புதுசு போடணும்.

கீழதான் கஷ்டம். சீட்டு மேல முதுகு வெச்சு, காலை மேல போட்டுட்டு, தலையை பெடல் பக்கம் விட்டு படுக்கணும். டார்ச் அடிச்சா புஷ்ராடோட ஃபோர்க் முனை தெரியும், அதுக்குள்ள கிளெவிஸ் பின், அது கழண்டு வராம பிடிக்க ஒரு ஸ்ப்ளிட் பின், அதாவது ரெண்டு காலையும் மடக்கி விடுற கம்பி பின். அந்த ஸ்ப்ளிட் பின்னோட ரெண்டு காலும் துரு பிடிச்சு மடங்கி கெடக்கும், மூக்கு பிளையரால நிமித்தப் பாத்தா ஒரு கால் உடைஞ்சு கையோட வந்துடும், மீதியை தட்டித்தான் வெளிய தள்ளணும். பெடல் ரிட்டர்ன் ஸ்பிரிங் வேற குறுக்க நிக்கும். ஹீட்டரை கொஞ்சம் நகத்தி வெச்சா கை போக இடம் கிடைக்கும், அதை நகத்தாம முயற்சி பண்ணி நேரத்தை வீணாக்காதீங்க. எடுத்த பழைய ஸ்ப்ளிட் பின்னை திரும்ப போடாதீங்க, புதுசுதான் போடணும்.

இந்த கீழ் வேலைதான் எனக்கு முடிவையே எடுத்துக் குடுத்துச்சு. எந்த வழி விலை குறைவுங்கறதை விட, எந்த வழில போனா மறுபடி அந்த ஸ்ப்ளிட் பின் கிட்ட படுக்காம இருக்கலாம்ங்கறதுதான் எனக்கு கேள்வி.

இப்ப சீல் கிட்டை எடுத்துக்கலாம். செலவு ரொம்ப கம்மி, பிஸ்டனை பிடிச்சு வெச்சிருக்கற வளையத்தை, அதாவது சர்க்லிப்பை எடுத்தா பிஸ்டன் வெளிய வரும், ரப்பர் மாத்தி, சிவப்பு ரப்பர் கிரீஸ் தடவி திரும்ப போட்டா ஆச்சு. ஆனா சீல் எதனால தேஞ்சுதுன்னு பாக்கணும். டாட் 3, டாட் 4 ஃப்ளூயிட் காத்துல இருக்குற ஈரத்தை இழுத்துக்கும். டாட் 4-க்கு கொதிநிலை புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி செல்சியஸ் இருக்கணும், 3.7 சதவீதம் தண்ணி சேந்துட்டா 155 வரைக்கும் இறங்கலாம்னுதான் அளவுகோலே சொல்லுது. பிரேக் சூடாகுறது ஒரு பக்கம், அதே ஈரம் வார்ப்பிரும்பு சிலிண்டரோட உள்சுவரை அரிக்கும், அதுவும் கார் மாசக்கணக்குல நின்னா இன்னும் மோசம். விரல் நகத்தை உள்ள விட்டு இழுத்துப் பாருங்க, நகம் எங்கயாவது மாட்டுச்சுன்னா அங்க குழி இருக்கு. அந்தக் குழி மேல புது சீல் போட்டா உப்புத்தாள்ல ரப்பரை தேய்க்கற மாதிரிதான், மறுபடி ஒழுகும். ஹோனிங் பண்ணா, அதாவது உள்சுவரை கல்லால லேசா தேச்சா, லேசான கறை போகும், ஆழமான குழி போகாது, போற வரைக்கும் தேச்சா துளை பெருசாகி சீல் தொளதொளன்னு நிக்கும். உங்க சிலிண்டர் அலுமினியம்னா ஹோனிங் பக்கமே போகாதீங்க, மேல இருக்குற கெட்டியான பூச்சு போயிடும். உள்சுவர் கண்ணாடி மாதிரி இருந்தா மட்டும் சீல் கிட், இல்லன்னா வேண்டாம்.

புது சிலிண்டர்தான் பலருக்கும் வசதி, காத்திருக்க வேண்டாம், வாங்கி மாட்டிட்டு போயிடலாம். ஆனா ரெண்டு விஷயம் பாத்துக்கணும். ஒண்ணு துளை அளவு. 0.70 இன்ச் இருந்த இடத்துல 0.75 போட்டா பரப்பு கிட்டத்தட்ட 15 சதவீதம் கூடும், அதே பிரேக்குக்கு கால் அந்த அளவு கூடுதலா அழுத்தணும். ரெண்டாவது புஷ்ராட் நீளம். பழசையும் புதுசையும் பக்கத்துல வெச்சு அளந்துட்டு மாட்டுங்க. பிரேக் சிலிண்டரும் கிளட்ச் சிலிண்டரும் வெளிய அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனா ட்ரம் பிரேக் வண்டிகள்ல பிரேக் சிலிண்டருக்குள்ள பல நேரம் பைப்புல கொஞ்சம் அழுத்தத்தை பிடிச்சு வெக்கிற ஒரு செக் வால்வு இருக்கும், கிளட்ச்ல இருக்காது, மாத்தி வாங்கிடாதீங்க. இன்னொண்ணு, புதுசும் வார்ப்பிரும்புதான்னா அதே ஈரம், அதே துரு. தினமும் ஓட்டி ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஃப்ளூயிட் மாத்துறவங்களுக்கு அது பிரச்சனையே இல்ல. அவங்களுக்கு நானே புதுசுதான் சொல்வேன்.

என் வண்டி அதிகம் நிக்கற வண்டி, அதான் ஸ்லீவ். துளையை பெருசாக் கடைஞ்சு, ஸ்டெயின்லெஸ் இல்லன்னா பித்தளை குழாயை இறுக்கி உள்ள ஏத்தி, பழைய அளவுக்கே திரும்ப கொண்டு வருவாங்க. சீல் அதே சீல், பாடி அதே பாடி, மாட்டும்போது எதுவும் பொருந்தாம போகாது, துரு பிடிக்கற இடமே இப்ப துரு பிடிக்காத உலோகம். செலவு புது சிலிண்டரை விட கூடவே வரலாம், அனுப்பி வாங்கற வரைக்கும் வண்டி நிக்கும். வேலை நல்லா இருக்கான்னு பாக்க ஒரே இடம் போதும், டேங்க்ல இருந்து உள்ள வர்ற அந்த ஊசி ஓட்டை. ஸ்லீவ் போட்டப்புறம் அதை திரும்ப துளைப்பாங்க, உள்பக்கம் பிசிறு இருந்தா ஒவ்வொரு மிதிக்கும் சீலை கிழிக்கும். எனக்கு வந்ததுல அந்த ஓரம் வழுவழுன்னு இருந்துச்சு. இதுவரைக்கும் ரெண்டும் சொட்டு ஒழுகல, ஆனா பத்து வருஷம் ஓட்டிப் பாத்த அனுபவம் எனக்கு இன்னும் இல்ல. பித்தளை ஸ்லீவும் நான் போட்டுப் பாத்ததில்ல.

ஒண்ணுதான் ஒழுகுதுன்னாலும் ரெண்டையும் சேர்த்தே எடுத்துடுங்க. ஒரே வயசு, ஒரே ஃப்ளூயிட், ஒரே இடத்துல படுக்கற வேலை.

எந்த வழில போனாலும் மாட்டும்போது புஷ்ராடுக்கு துளி ஆட்டம் விடணும். பெடல் மேல இருக்கும்போது பிஸ்டன் முழுசா பின்னாடி வரலன்னா சீல் அந்த ஊசி ஓட்டையை மூடிடும், ஃப்ளூயிட் சூடாகி விரியும்போது திரும்ப டேங்குக்கு போக வழி இருக்காது, பிரேக் தானாவே பிடிக்க ஆரம்பிச்சிடும். பைப்புல புகுந்த ஏர் எடுக்கறதுக்கு முன்னாடி பெடலை கையால அசைச்சு அந்த ஆட்டம் இருக்கான்னு பாத்துட்டு, அப்புறமா ஸ்ப்ளிட் பின் காலை மடக்குங்க.