கோவை ஏர்போர்ட் டு கோத்தகிரி காட்டேஜ்: ‘பிக்கப்’ புக் பண்ணும் முன் படிங்க (₹7,500 போச்சு)

கோத்தகிரி, கோடநாடு பக்கம் எஸ்டேட் காட்டேஜ் எடுத்திருப்பவர்கள், வண்டிக்குப் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஏர்போர்ட்டிலிருந்து மலைக்குப் போக முழு வழிகாட்டியாக எழுதத்தான் நினைத்தேன். இருக்கிற எரிச்சலில் எவ்வளவு வருகிறதோ வரட்டும்.

தங்குமிடம் புக் செய்யும் ஆப் ஒன்று. வீட்டு வாடகைக்குக் கீழேயே ‘ஏர்போர்ட் பிக்கப்’ என்று ஒரு கட்டம். டிக் செய்ததும் வாட்ஸ்அப்பில் டிராவல்ஸ்காரர் வந்துவிடுவார். ஏழு சீட்டர், டிரைவர் பேட்டா, மலைப்படி (மலை ஏறுவதற்கான கூடுதல் தொகை), இ-பாஸ் (நீலகிரிக்குள் வண்டி நுழைய அரசு தரும் அனுமதி) எல்லாம் சேர்த்து ₹7,500. முழுத் தொகையும் முன்கூட்டியே, யுபிஐயில், ஒரு தனிநபர் பெயருக்கு.

ஏர்போர்ட் இருக்கும் பீளமேட்டிலிருந்து கோத்தகிரி சுமார் 70 கி.மீ.தான். ஒன்-வே டாக்சிக்காரர்கள் குறைந்தது 130 கி.மீ. என்று கணக்குப் போடுவார்கள். பெரிய வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 20 ரூபாய் வைத்தாலும் 2,600. பேட்டா, மலைப்படி சேர்த்தால் நாலாயிரத்துக்குள் முடியும். மிச்சப் பணம் எதற்கு? இ-பாஸ் தலைவலியை அவர் ஏற்றுக்கொள்கிறார் என்பதற்கு. 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் நுழையும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் வார நாளுக்கு 6,000, வார இறுதிக்கு 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்குகிறவர்களுக்கு இதை யாராவது பார்த்துக்கொண்டால் போதும் என்றுதான் தோன்றும்.

நம்ப வைத்ததும் அந்த இ-பாஸ்தான். பெயர், தேதி, ஐந்து பேர், க்யூஆர் கோடு, மஞ்சள் போர்டு வண்டியின் எண். கூடவே ஆர்சி புக் போட்டோ. அத்தனையும் அசல். அரசு கொடுத்த பாஸையே கையில் அனுப்புகிறவனை எவன் சந்தேகப்படுவான்?

ஏர்போர்ட் வாசலில் நின்றது வேறு வண்டி. வெள்ளை போர்டு. “அந்த வண்டி சர்வீஸ்ல நிக்குதுங்க, பாஸ் இதுக்கு மாத்தியாச்சுங்க.” சுத்தப் பொய். இ-பாஸ் ஆளுக்கு இல்லை, வண்டி எண்ணுக்கு. குஞ்சப்பனை செக்போஸ்டில் ஸ்கேன் செய்தவர் போனை நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில் பிடித்து ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார். முதல் இரண்டு மட்டும்தான் ஒத்துப்போனது. புதிதாகப் போடலாம் என்றால் சனிக்கிழமை, அன்றைய கோட்டா காலி. வண்டி திரும்பியது. மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு, “நான் என்னங்க பண்றது?” என்றபடி டிரைவர் போயேவிட்டார்.

அரசு பஸ்ஸுக்கு இ-பாஸ் தேவையில்லை. ஆக, ₹7,500 கட்டிய பயணம் அரசு பஸ்ஸில்தான் முடிந்தது. கோத்தகிரியிலிருந்து எஸ்டேட் மண் பாதைக்கு ஜீப், அது தனிச் செலவு. (அந்தப் பாதையில் எந்தக் காரும் ஏறாது என்பதை வீட்டுக்காரரோ ஆப்போ ஒரு வார்த்தை சொல்லவில்லை.)

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் கேவலம். ஆப்காரர்கள்: “பிக்கப் வெளி நிறுவனத்தின் சேவை.” வீட்டுக்காரர்: “டிராவல்ஸ்ல பேசுங்க சார்.” டிராவல்ஸ்: “நீங்கதானே பாதியில இறங்கினீங்க, ரீஃபண்ட் எப்படிங்க வரும்?” 72 மணி நேரத்தில் பதில் வரும் என்று ஒரு மெயில். வந்தது பதில் இல்லை, ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்ற அறிவிப்பு. எதைத் தீர்த்தார்கள்? ₹7,500 இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது.

அவசரமாகச் சில விஷயம். இ-பாஸ் இலவசம், நீங்களே எடுக்கலாம். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் இமெயில் கொடுத்துப் பதியலாம். முந்தின நாளே வண்டி எண்ணை வாங்குங்கள், ஏறும்போது ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் ஏறாதீர்கள். வெள்ளை போர்டு வேண்டவே வேண்டாம்: சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டி விபத்தானால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிடலாம். டிஎன் 43 பதிவு வண்டி கிடைத்தால் இ-பாஸ் பேச்சே இல்லை, உள்ளூர் வண்டி அது. முழுப் பணத்தை முன்னாடி கொடுக்காதீர்கள். கொடுத்து ஏமாந்திருந்தால் 1915-க்கு நுகர்வோர் புகார் போடுங்கள். தண்ணீர் பிளாஸ்டிக் பாட்டிலை மேட்டுப்பாளையத்திலேயே போட்டுவிடுங்கள், செக்போஸ்டில் அதற்கும் நிறுத்துவார்கள்.