ஏற்காட்டுக்கு 205 கிராம் போதும்: கேனான் 18-55 கிட் லென்ஸ்

கேமரா பெட்டிக்குள்ளேயே கிடைத்துவிடுவதாலோ என்னவோ, கிட் லென்ஸை அதை வாங்கியவர்களே மதிப்பதில்லை. 2013இல் வெளிவந்த கேனான் 18-55 மி.மீ. எஃப்/3.5-5.6 ஐ.எஸ். எஸ்.டி.எம். லென்ஸையும், திருமணங்களுக்குப் படமெடுக்கும் சேலத்து நண்பரிடம் இரவல் வாங்கிய 24-70 மி.மீ. எஃப்/2.8 எல் இரண்டாம் பதிப்பையும், கடந்த கோடையில் ஏற்காட்டில் மூன்று நாட்கள் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்தேன். மூன்றாம் நாள் இரவல் லென்ஸ் பையை விட்டு வெளியே வரவேயில்லை.

முதல் காரணம் எடை. இரவல் லென்ஸ் 805 கிராம், கிட் லென்ஸ் 205. கிளியூர் அருவிக்கு இறங்கி மீண்டும் ஏறியபோது, கழுத்துப் பட்டையே இந்த வேறுபாட்டைச் சொல்லிவிட்டது. அடுத்தது, என்னுடையதைப் போன்ற சிறிய சென்சார் (ஒளியைப் பதிவுசெய்யும் சில்லு) கேமராவில் இரவல் லென்ஸின் 24 மி.மீ. பார்வைக் கோணம் 38 மி.மீ. லென்ஸின் அளவுக்குக் குறுகிவிடுகிறது. பகோடா பாயிண்டில் பள்ளத்தாக்கு முழுவதும் அதில் அடங்கவில்லை. பின்னால் நகர்ந்தால் கைப்பிடிக் கம்பியும் சேர்ந்து விழுந்தது.

கிட் லென்ஸ் என்னை வியக்க வைத்தது காப்பித் தோட்டத்தில்தான். கோடை மழை பெய்து பத்து நாட்களுக்குள் பூக்கும் காப்பிப் பூ இரண்டு மூன்று நாட்களில் வாடிவிடும் என்பதால், பார்த்த அன்றே எடுத்தாக வேண்டும். 55 மி.மீ.யில் வைத்து 25 செ.மீ. வரை நெருங்கியபோது, கொத்தில் அமர்ந்திருந்த தேனீயின் பின்னங்காலில் ஒட்டியிருந்த மகரந்த உருண்டை கூடத் தெளிவாக விழுந்தது. இதன் உருப்பெருக்கம், அதாவது பொருளின் உண்மை அளவோடு ஒப்பிட்டால் சென்சாரில் விழும் பிம்பத்தின் அளவு, 0.36 மடங்கு; விலையில் பல மடங்கு உயர்ந்த அந்த லென்ஸுக்கோ 0.21 மடங்குதான்.

பகல் வெளிச்சத்தில், ஒளி நுழையும் துளையை எஃப்/8 அளவுக்குச் சுருக்கி எடுத்த மலைக்காட்சிகளை அச்சிட்டுப் பார்த்ததில், படத்தின் நடுப்பகுதியில் எது எதில் எடுத்தது என்று எனக்கே பிடிபடவில்லை. மூலைகளில் மட்டும் கிட் லென்ஸ் சில்வர் ஓக் இலைகளைச் சற்றுக் குழப்பியிருந்தது.

இருட்டினால் கதை வேறு. லேடீஸ் சீட்டிலிருந்து தெரியும் சேலத்தின் விளக்குகளை, அதிர்வைக் கட்டுப்படுத்தும் வசதியை நம்பி, நொடியில் ஆறில் ஒரு பங்கு நேரத்துக்குக் கையில் பிடித்தபடியே எடுக்க முடிந்தது. விலை உயர்ந்த லென்ஸில் அவ்வசதி இல்லை. ஆனால் அங்கே ஓடிக்கொண்டிருந்த அக்காள் மகன் வெறும் நிழலாகத்தான் விழுந்தான், ஏனெனில் எஃப்/5.6இல் நுழைவது எஃப்/2.8இல் நுழையும் ஒளியில் கால் பங்குதான். பனிமூட்டத்திலும் கவனம் தேவை: ஈரம் புகாத காப்பு இதற்கில்லை, லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்பான ஹூடையும் தனியாகத்தான் வாங்க வேண்டும். ஜூம் செய்கையில் வெளியே நீளும் குழாயின் மேல் படிந்த நீர்த்துளிகளைத் துடைத்த பிறகே உள்ளிழுத்தேன்.

இரவல் லென்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, நண்பர் அம்மாபேட்டையில் ஒரு வரவேற்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மண்டப வெளிச்சத்தில் அது இல்லாமல் அவருக்கு வேலை நடக்காது. வாங்கியவுடன் கேமராவில் மாட்டிக்கொண்டார்.