குட்ரீட்ஸ்: அலமாரி அருமை, நட்சத்திரத்தை மட்டும் நம்ப வேண்டாம்

ஒரு புத்தகத்தைப் படித்து முடித்ததும் அதைப் பற்றி நாலு பேரிடம் பேச வேண்டும் என்று கை துறுதுறுக்கும். அப்படிப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது குட்ரீட்ஸ்தான். வாசகர்கள் நூல்களைப் பட்டியலிட்டு, நட்சத்திரம் போட்டு, விமர்சனம் எழுதும் இந்த இணையச் சேவை 2007இல் வந்தது, 2013இல் அமேசான் கைக்குப் போனது. காசு கட்ட வேண்டாம். என்ன படித்தோம், எப்போது படித்தோம் என்று ‘அலமாரி’ என்ற பட்டியல்களில் கணக்கு வைக்க இது அருமையான இடம். கருத்தைப் பகிர்வதற்கும் நல்ல இடமாக ஆக்கிக்கொள்ளலாம், ஆனால் அதற்குச் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் எழுதினால் நாம் மெனக்கெட்டு எழுதியது இன்னொரு வாசகருக்கு ஒரு உதவியும் செய்யாது.

முதலில் நட்சத்திரம். ஒன்றிலிருந்து ஐந்து வரை, அரை நட்சத்திரம் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் குட்ரீட்ஸ் ஒரு பொருள் வைத்திருக்கிறது: ஒன்று என்றால் பிடிக்கவில்லை, இரண்டு பரவாயில்லை, மூன்று பிடித்திருந்தது, நான்கு ரொம்பப் பிடித்திருந்தது, ஐந்து அற்புதம். வலைத்தளத்தில் நட்சத்திரத்தின் மேல் சுட்டியை வைத்தால் இது தெரியும். ஆனால் பலர் இதைப் பள்ளி மதிப்பெண் மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். ஐந்துக்கு மூன்று என்றால் சுமார் என்று நினைத்து, பிடித்த புத்தகத்துக்கெல்லாம் நான்கோ ஐந்தோ போடுகிறார்கள். விளைவு, பெரும்பாலான நூல்களின் சராசரி மூன்றரைக்கும் நாலரைக்கும் நடுவில் வந்து குவிகிறது. 3.8 வாங்கிய நூலுக்கும் 4.1 வாங்கிய நூலுக்கும் என்ன வேறுபாடு என்று அந்த எண்ணை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

குறைவான பேர் படித்த நூல்களில் நிலைமை இன்னும் மோசம். தமிழ் நூல்கள் பலவற்றுக்கும் இதே கதிதான். பத்துப் பேர் மதிப்பிட்டு சராசரி 4 என்று இருக்கும் நூலுக்கு இரண்டு பேர் வந்து ஒற்றை நட்சத்திரம் போட்டால் சராசரி 3.5க்கு இறங்கிவிடும். பத்தாயிரம் பேர் மதிப்பிட்ட நூலை அந்த இரண்டு பேரால் அசைக்கவே முடியாது. ஆகவே சராசரியைப் பார்க்கும்போது பக்கத்திலேயே இருக்கும் மதிப்பீடுகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். தொடர் நாவல்களில் இன்னொரு பொறி இருக்கிறது. மூன்றாம் பாகத்தின் சராசரி முதல் பாகத்தைவிட அதிகமாக இருப்பது சாதாரணம். முதல் பாகம் பிடிக்காதவர்கள் அடுத்ததைத் தொடுவதே இல்லை, பிடித்தவர்கள் மட்டும் மிஞ்சிப் போடும் எண் அது. எழுத்து மேம்பட்டதற்கு அது சான்று அல்ல.

வெளிவராத நூலுக்கும் நட்சத்திரம் போட இங்கே இடம் உண்டு. முன்பிரதி வாங்கிப் படித்து எழுதுபவர்களுக்காக வைத்த வசதி அது. ஆனால் புத்தகத்தைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள் கூட்டமாக வந்து ஒற்றை நட்சத்திரம் போட்டுத் தாக்கும் வழக்கமும் இதனால்தான் வந்தது. அசாதாரணமாகக் கூட்டம் சேர்ந்தால் அந்த நூலுக்கு மட்டும் மதிப்பீட்டை நிர்வாகம் தற்காலிகமாக நிறுத்திவைக்கிறது. அது போதாது. வெளியீட்டு நாளுக்கு முந்தைய மதிப்பீடுகளில் எழுத்து இல்லாத வெறும் நட்சத்திரங்களைக் கணக்கில் எடுக்காமல் விடுவதே நல்லது.

அடுத்தது பதிப்பு. குட்ரீட்ஸின் உண்மையான பலமும் உண்மையான குழப்பமும் இங்கேதான். ஒரு நூலின் கெட்டி அட்டை, மெல்லிய அட்டை, மின்னூல், ஒலிநூல், எல்லா மொழிபெயர்ப்புகள் எல்லாம் ஒரே படைப்பாகக் கோக்கப்பட்டிருக்கும். மதிப்பீடுகளும் விமர்சனங்களும் மொத்தமாக ஒரே இடத்தில் விழும். மூல மொழியில் படித்தவர் போட்ட ஐந்தும், மோசமான மொழிபெயர்ப்பில் படித்துத் திணறியவர் போட்ட இரண்டும் ஒரே சராசரிக்குள் கலந்துவிடும். பிழை எழுத்தாளருடையதா, மொழிபெயர்ப்பாளருடையதா என்று அந்த எண் சொல்லாது.

இதற்கு மருந்து நம் கையில்தான் இருக்கிறது. மொழிபெயர்ப்பு நூலுக்கு எழுதும்போது முதல் வரியிலேயே எந்த மொழி, யார் மொழிபெயர்த்தது, எந்தப் பதிப்பு என்று எழுதிவிடுங்கள். பிறகு ‘எல்லாப் பதிப்புகளும்’ என்ற பக்கத்துக்குப் போய் நாம் படித்த பதிப்புக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எழுதிய விமர்சனம் தொலையாது, அப்படியே கூட வரும். பக்க எண்ணிக்கையும் அந்தப் பதிப்பிலிருந்துதான் எடுக்கப்படுகிறது என்பதால் இதைச் செய்யாவிட்டால் கணக்கும் கெடும். கையில் 280 பக்க நூல், பதிவில் 352 பக்கம் என்றால், 140ஆம் பக்கத்தில் பாதி முடித்துவிட்ட நமக்குத் திரை 40 சதவீதம் என்று காட்டும். ஆண்டு முடிவில் வரும் மொத்தப் பக்கக் கணக்கிலும் அதே பிசகு ஏறும்.

தமிழ் நூலைத் தேடிக் கண்டுபிடிப்பது தனி வேலை. ஒரே நூல் தமிழ் எழுத்தில் ஒரு பதிவாகவும் ஆங்கில எழுத்துகளில் இன்னொரு பதிவாகவும் கிடக்கும். எழுத்தாளர் பெயரும் அப்படித்தான்: முன்னெழுத்து முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை, ழகரத்துக்கு ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். விமர்சனங்கள் இரண்டு மூன்று இடங்களில் சிதறி, எந்த இடத்திலும் ஆள் சேராமல் போகிறது. பின்னட்டையில் இருக்கும் ஐ.எஸ்.பி.என். எண்ணை (ஒவ்வொரு பதிப்புக்கும் உரிய அடையாள எண்) போட்டுத் தேடுவதே நம்பகமான வழி. 2007க்கு முன் அச்சான பல நூல்களில் பத்து இலக்க எண் மட்டும்தான் இருக்கும். அதையே அப்படியே போட்டுத் தேடுங்கள். முன்னால் 978 சேர்த்துப் பதின்மூன்று இலக்கமாக்க முயன்றால் தப்பாகிவிடும், ஏனென்றால் கடைசிச் சரிபார்ப்பு இலக்கத்தையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். இரட்டைப் பதிவைக் கண்டால் விட்டுவிடாதீர்கள். நூலகர்கள் என்ற பெயரில் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய குழுவில் இரண்டு பதிவுகளின் இணைப்பையும் கொடுத்துக் கேட்டால் சேர்த்துவிடுவார்கள். நூலே இல்லை என்றால் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்கம், ஐ.எஸ்.பி.என்., அட்டைப் படம் எல்லாவற்றையும் ஒரே கோரிக்கையில் கொடுங்கள். ஒவ்வொன்றாகக் கொடுத்தால் வேலை இழுக்கும்.

சரி, எழுதுவது. மற்றவர்களின் ஓடையில், அதாவது நண்பர்களின் புதுப் பதிவுகள் வரிசையாக வரும் பக்கத்தில், நம் விமர்சனத்தின் முதல் சில வரிகள் மட்டுமே தெரியும், மிச்சத்தைப் பார்க்கத் தட்டித் திறக்க வேண்டும். அந்த முதல் வரிகளைக் கதைச் சுருக்கத்துக்குச் செலவழிப்பது பெரிய வீண். கதைச் சுருக்கம் நூலின் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிறது. “அருமையான நாவல், எல்லாரும் கட்டாயம் படிக்க வேண்டும்” என்ற வரியும் அதே மாதிரிதான். அதைப் படித்தவருக்கு ஒரு தகவலும் கிடைக்கவில்லை. இதோ இப்படி எழுதினால் வேறு: “முதல் 80 பக்கத்தில் நான்கு தலைமுறைப் பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஒரு தாளில் குறித்துக்கொண்டால்தான் பிடிபடும். மூத்த மகள் திரும்பி வரும் இடத்திலிருந்து வேகம் கூடுகிறது. வட்டாரச் சொற்களுக்குப் பின்னால் அகராதி இல்லை. முடிவு அவசரமாக முடிக்கப்பட்டது போல இருக்கிறது, கடைசி அத்தியாயம் ஆறே பக்கம்.” இதைப் படிப்பவர் தனக்கு இது ஒத்துவருமா என்று தானே முடிவு செய்துகொள்வார். மூன்று நட்சத்திரமா, நான்கா என்பது அவருக்கு அப்புறம் தேவைப்படாது.

நல்ல விமர்சகர்கள் நட்சத்திரத்தில் சொல்ல முடியாததை எழுத்தில் சொல்வார்கள்: மூன்றரை என்று முதல் வரியில் எழுதிவிட்டு, மேலே நான்காக்கியதற்குக் காரணம் சொல்வார்கள். இலவசப் பிரதி கிடைத்திருந்தால் அதையும் சொல்வார்கள். பாதியில் விட்டிருந்தால் எந்தப் பக்கத்தில், எதனால் என்று குறிப்பிடுவார்கள். பாதியில் விட்டதற்கு நட்சத்திரமே போடாமல் எழுத்தை மட்டும் விடுவது நேர்மையானது, குட்ரீட்ஸ் அதை அனுமதிக்கிறது. எழுத்தாளரின் நடத்தையைத் திட்டி எழுதினால் 2013 முதல் நீக்கிவிடுகிறார்கள். நூலைப் பற்றி எவ்வளவு கடுமையாக எழுதினாலும் தடையில்லை.

கதைமுடிச்சை அவிழ்க்கும் பகுதியை மறைக்க இரண்டு வழி உண்டு. விமர்சனப் படிவத்தில் உள்ள பெட்டியைத் தேர்ந்தால் முழு விமர்சனமும் மறைந்துவிடும். இது வேண்டாம். பாதிப் பேர் திறந்தே பார்க்கமாட்டார்கள். மறைக்க வேண்டிய வாக்கியத்துக்கு மட்டும் முன்னாலும் பின்னாலும் ஸ்பாய்லர் குறியைப் போடுங்கள். திறக்கும் குறி <spoiler>, சாய்கோட்டுடன் மூடும் குறி </spoiler>, இரண்டும் வேண்டும். மறைத்த பகுதிக்கு முன்னால் அது எந்தக் கட்டத்தைப் பற்றியது என்று ஒரு சொல் எழுதினால் (இறுதி, இடைவேளைத் திருப்பம்) பாதி படித்தவருக்குத் தட்டலாமா வேண்டாமா என்று தெரியும்.

உரையாடல்தான் இந்தச் சேவையின் நோஞ்சான் பகுதி. விமர்சனத்தின் கீழ்ப் பின்னூட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நீளும், யார் யாருக்குப் பதில் சொன்னார்கள் என்று கிளை பிரிக்க வழியில்லை. பத்துப் பின்னூட்டம் தாண்டினால் பேச்சு சிக்கிக்கொள்ளும். பதில் எழுதும்போது யாருக்கு என்று பெயரையும், எந்த வரிக்கு என்று ஒரு துண்டு மேற்கோளையும் போடுவது உதவும். சேர்ந்து படிப்பவர்கள் குழுவில் ஒரே திரி (உரையாடல் இழை) போட்டுவிட்டு ஆளுக்கொரு வேகத்தில் படித்தால் யாராவது ஒருவருக்குக் கதை கெடும். அத்தியாயக் கொத்துக்கு ஒரு திரி என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். இந்த ஒரு வேலைக்கு ஸ்டோரிகிராஃப் என்ற போட்டிச் சேவை மேல். அங்கே கூட்டு வாசிப்பில் இன்னொருவர் போட்ட குறிப்பு நாம் அந்த இடத்தை எட்டும்வரை பூட்டியே இருக்கும். கால் நட்சத்திரம் வரை மதிப்பிடலாம், மனநிலை, வேகம் என்று தனித்தனியாகவும் குறிக்கலாம். 2005இல் தொடங்கிய லைப்ரரிதிங் என்ற இன்னொரு சேவையில் அரை நட்சத்திரம் உண்டு, நூலக அட்டவணைகளிலிருந்து விவரம் எடுப்பதால் பழைய நூல்களுக்குப் பதிவு துல்லியமாக இருக்கும். ஆனால் ஆள் கூட்டம் குட்ரீட்ஸில்தான். ஒரு நூலைப் பற்றி நூறு பேர் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க வேறு இடம் இவ்வளவு உதவாது.

புதிதாகச் சேர்ந்து பழைய நூல்களை மொத்தமாக ஏற்றுபவர்கள் படிவத்தின் அடியில் ஓடையில் சேர்க்கும் பெட்டியில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நண்பர்களின் திரை முழுக்க நம் பட்டியல்தான் ஓடும். முடித்த தேதியையும் பாருங்கள். இன்றைய தேதி விழுந்திருந்தால் பத்து ஆண்டுக்கு முன் படித்ததெல்லாம் இந்த ஆண்டின் வாசிப்புச் சவாலில் (ஆண்டுக்கு இத்தனை நூல் என்று நாம் வைக்கும் இலக்கு) ஏறிவிடும். தேதியே இல்லாவிட்டால் இந்த ஆண்டு படித்ததும் சவாலில் சேராது.

கடைசியாக, எழுதியதையெல்லாம் ஆண்டுக்கு இரண்டு முறையாவது தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வலைத்தளத்தில் ‘மை புக்ஸ்’ பக்கத்தில் ஏற்றுமதி வசதி இருக்கிறது, ஒரு சி.எஸ்.வி. கோப்பு (எக்செலில் திறக்கக்கூடிய அட்டவணை) கிடைக்கும். விமர்சனம், அலமாரி, தனிக்குறிப்பு எல்லாம் அதில் வரும். மதிப்பீடு பகுதியில் பூஜ்யம் இருந்தால் மோசம் என்று பொருளல்ல, நட்சத்திரம் போடவில்லை என்று பொருள். எக்செலில் நேரடியாகத் திறந்தால் தமிழ் எழுத்து சிதைந்து தெரியலாம், எழுத்துக் குறியீட்டை யூ.டி.எஃப்.-8 என்று தேர்ந்து உள்ளே இழுத்தால் சரியாக வரும். ஒரு குறை மட்டும் உண்டு: ஒரே நூலை மூன்று முறை படித்திருந்தால் எத்தனை முறை என்ற எண் வரும், தேதி ஒன்றுதான் வரும். மறுவாசிப்புத் தேதிகள் முக்கியம் என்றால் அவற்றை விமர்சனத்தின் கடைசி வரியிலேயே கையால் எழுதிவிடுங்கள்.