தேடுபவருக்கு ஒரு வழி, தேடாதவருக்கு வேறு வழி: சிறு நிறுவனம் பெயர் தெரியவைக்க எதில் காசு போடலாம்?

புது வாடிக்கையாளர்களில் இரண்டு வகை உண்டு. குழாய் உடைந்ததும் போனை எடுத்துத் தேடுபவர் ஒருவர். கணக்கு வழக்கை வேறு ஆளிடம் மாற்றலாமா என்று ஆறு மாதமாக யோசித்துக்கொண்டிருப்பவர் இன்னொருவர். முதலாமவருக்கு நீங்கள் கண்ணில் பட்டால் போதும். இரண்டாமவர் பார்த்தாலும் கூப்பிடமாட்டார்; அவர் நம்பும் யாராவது உங்கள் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் தொழிலுக்கு எந்த வகை ஆட்கள் அதிகம் வருகிறார்கள் என்பதை முடிவு செய்யாமல் விளம்பரத்தில் இறங்கினால் பணம் கரையும்.

கூகுள் பிசினஸ் புரொஃபைலும் கூகுள் விளம்பரமும்

இரண்டுமே தேடுபவருக்கானவை. கூகுள் தேடலிலும் மேப்பிலும் உங்கள் நிறுவனத்தின் பெயர், எண், விமர்சனங்களோடு வரும் பக்கம்தான் புரொஃபைல்; அது இலவசம், ஆனால் மெதுவாகப் பலன் தரும். விளம்பரம் அன்றே ஆளைக் கொண்டுவரும், பணம் நின்றால் அதுவும் நிற்கும்.

பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் பார்த்துத்தான் கூகுள் உள்ளூர்த் தேடலில் வரிசைப்படுத்துகிறது. தூரத்தை நாம் ஒன்றும் செய்ய முடியாது. பொருத்தத்தைத் தீர்மானிப்பதில், புரொஃபைலில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் முதன்மைத் தொழில் வகைக்குப் பெரிய பங்கு உண்டு. குழாய் வேலை செய்பவர் 'கட்டுமான நிறுவனம்' என்று போட்டுவிட்டு அழைப்பே வரவில்லை என்பார். முதன்மை வகை ஒன்று, கூடுதலாக ஒன்பது வரை சேர்க்கலாம். செய்யாத வேலையைச் சேர்க்காதீர்கள். பெயர்ப் பெட்டியில் பலகையில் உள்ள பெயர் மட்டும் இருக்கட்டும். 'சிறந்த', '24 மணி நேரம்' என்று ஒட்டுப்போட்டால் புரொஃபைலே முடக்கப்படலாம், மீட்பதற்குள் பல நாள் அழைப்பு போய்விடும்.

விமர்சனம் கேட்பதற்கு வேலை முடிந்த அன்றே சரியான நேரம். புரொஃபைலில் கிடைக்கும் இணைப்பை எடுத்து, 'இன்று மோட்டார் மாற்றிக் கொடுத்தோம். வேலை எப்படி இருந்தது என்று இரண்டு வரி எழுத முடியுமா?' என்று அனுப்புங்கள். செய்த வேலையின் பெயர் செய்தியில் இருந்தால் அவர் பதிலிலும் அது பெரும்பாலும் வந்துவிடும். தள்ளுபடியோ பரிசோ கொடுத்து விமர்சனம் வாங்குவதும், திருப்தியானவர்களை மட்டும் பொறுக்கிக் கேட்பதும் விதிக்குப் புறம்பு.

விளம்பரத்தில் பணம் ஓட்டையாக ஒழுகும் இடங்கள் தெரிந்தவைதான். இட அமைப்பு இயல்பாகவே 'இந்த இடத்தில் இருப்பவர் அல்லது இதில் ஆர்வமுள்ளவர்' என்று இருக்கும். வெகுதூரத்தில் இருப்பவரும் கிளிக் செய்வார். 'இருப்பவர்' மட்டும் என மாற்றுங்கள். நீங்கள் கொடுக்கும் சொல்லோடு தொடர்புள்ள தேடல்களுக்கெல்லாம் விளம்பரம் காட்டும் அகலப் பொருத்தத்தை (broad match) விட்டுவிட்டு, அந்தப் பொருள் அடங்கிய தேடல்களுக்கு மட்டும் காட்டும் சொற்றொடர் (phrase), துல்லியப் (exact) பொருத்தங்களில் தொடங்குங்கள். 'வேலைவாய்ப்பு', 'சம்பளம்', 'இலவசம்', 'படிப்பு', 'நாமே செய்வது எப்படி' போன்றவற்றை முதல் நாளே விலக்குச் சொற்களில் (இவை உள்ள தேடலுக்கு விளம்பரம் வராது) போட வேண்டும். மக்கள் உண்மையில் என்ன தேடி வந்தார்கள் என்ற அறிக்கையை முதல் மாதம் வாரம் இருமுறையாவது பாருங்கள். ஒரு நாளில் தினசரி வரம்பைப்போல் இரண்டு மடங்கு வரை செலவாகலாம், மாதக் கணக்கில் சரியாகிவிடும். பதறி நிறுத்த வேண்டாம்.

நிறுத்துவதா தொடர்வதா என்பதற்குக் கணக்கு ஒன்றுதான். 100 கிளிக்கில் 5 பேர் அழைத்து, அதில் ஒருவர் வேலை கொடுத்தால், ஒரு வாடிக்கையாளரின் விலை 100 கிளிக்கின் செலவு. அது முதல் வேலையின் லாபத்தைவிட அதிகம், அவர் திரும்பி வரும் தொழிலும் இல்லை என்றால் மூடிவிடலாம். ஆனால் அழைப்பை யாரும் எடுக்காத நிறுவனத்தில் இந்தக் கணக்கே பொய் சொல்லும்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்

தேடாதவர் முன்னால் போய் நிற்கும் வழி. போட்ட பதிவையே காசு கொடுத்துப் பரப்பும் 'பூஸ்ட்' பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் லைக் வரும், வேலை வராது. விளம்பர மேலாளர் (Ads Manager) என்ற கருவிக்குள் போய், விசாரணைப் படிவம் நோக்கமாகத் தேர்ந்தெடுங்கள். பெயரும் எண்ணும் தானாக நிரம்பும் படிவம் என்பதால் சும்மா அழுத்தியவர்களும் வருவார்கள்; 'எப்போது வேலை தொடங்க வேண்டும்?' என்று ஒரு கேள்வி சேர்த்தால் பாதிக் குப்பை வடிந்துவிடும். ஒரு விளம்பரத் தொகுதி (ஒரே பார்வையாளர்களுக்கான விளம்பரங்கள்) யாருக்குக் காட்டலாம் என்று பழகி நிலைபெற வாரத்துக்கு ஏறத்தாழ 50 விளைவுகள், அதாவது நிரப்பிய படிவங்கள், தேவை. சின்ன பட்ஜெட்டை ஐந்து தொகுதிகளாகப் பிரித்தால் எதுவும் அந்த இடத்துக்கு வராது.

பரிந்துரை

ஆறு மாதம் யோசிப்பவருக்கு இதற்கு இணையாக வேறொன்றைச் சொல்ல மாட்டேன். 1985இல் தொடங்கிய பி.என்.ஐ. (BNI) போன்ற, தொழில் செய்பவர்கள் ஒருவருக்கொருவர் வாடிக்கையாளரைப் பரிந்துரைக்கும் குழுக்களில் ஒரு கிளையில் ஒரு தொழிலுக்கு ஒருவருக்கே இடம், கூட்டம் வாரந்தோறும். கட்டணத்தைவிட நேரம்தான் பெரிய செலவு. 'யாராவது இருந்தால் சொல்லுங்கள்' என்று கேட்பவருக்கு யாரும் வரமாட்டார்கள். 'இரண்டாவது கிளை திறக்கப்போகிற மருந்துக்கடைக்காரர்' என்று கேட்டால், எதிரில் இருப்பவர் மனதில் ஒரு முகம் வரும். குழுவே இல்லாமலும் செய்யலாம்: உங்கள் வாடிக்கையாளர் உங்களிடம் வருவதற்கு ஒரு படி முன்னால் யாரைப் பார்க்கிறார்? உள் அலங்காரம் செய்பவருக்கு அது கட்டட வடிவமைப்பாளர். அப்படி நான்கு பேர் போதும்.

பத்திரிகைச் செய்திக்கு அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். 'திறப்பு விழா' அறிக்கை குப்பைக்கூடைக்குத்தான் போகும். புது வரி விதி வந்த அன்று, சில மணி நேரத்துக்குள் அது யாரைப் பாதிக்கும் என்று நாலு வரியில் நிருபருக்கு அனுப்பும் கணக்காளரின் பெயர் வர வாய்ப்புண்டு.

எந்த வழி எடுத்தாலும் அழைப்பவரிடம் 'எப்படித் தெரியும்?' என்று கேட்டு எழுதிவையுங்கள். 'கூகுளில் பார்த்தேன்' என்பார்கள். அங்கே நிறுத்தாமல், 'அதற்கு முன்னால் எங்கள் பெயரைக் கேள்விப்பட்டிருந்தீர்களா?' என்றும் கேளுங்கள். நண்பர் சொன்ன பெயரைக் கூகுளில் தேடி, விமர்சனத்தைப் படித்துவிட்டுக் கூப்பிட்டவரைப் பரிந்துரைக் கணக்கில்தான் எழுத வேண்டும்.