விண்டோஸ் ஸ்லீப்: தனி மென்பொருள் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் டியூஷன் சென்டரோ கணக்கர் அலுவலகமோ நடத்துகிறவர்களுக்கு, சும்மா கிடக்கும் கணினிகளைத் தூங்க வைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்த விண்டோஸில் இருக்கும் வசதியே தாராளம். சும்மா கிடக்கும் மேசைக் கணினி, திரை நீங்கலாக, 50 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். ஸ்லீப்பில், அதாவது திறந்திருந்த வேலை நினைவகத்தில் மட்டும் இருக்க மற்ற பாகங்கள் ஓய்ந்திருக்கும் நிலையில், 2 வாட்தான். 20 கணினி, இரவு 14 மணி நேரம்: 14 யூனிட் செலவாகும் இடத்தில் அரை யூனிட்டுக்குச் சற்று மேல்.

தூங்க வைப்பது சுலபம், பவர் ஆப்ஷன்ஸில் 20 நிமிடம் வைத்தால் போதும். எழுப்புவதில்தான் வேலை. பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) வேக்-ஆன்-லேனை (நெட்வொர்க் வழியே எழுப்பும் வசதி) இயக்குங்கள். பிறகு டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் மூன்று பெட்டிகளையும் டிக் செய்யுங்கள். மூன்றாவது, 'மேஜிக் பாக்கெட் (எழுப்புவதற்கென்றே அனுப்பும் நெட்வொர்க் செய்தி) மட்டும்' என்பது. அதை டிக் செய்யாமல் விட்டால் நெட்வொர்க்கில் வரும் சாதாரணப் பாக்கெட்டுக்கே கணினி நள்ளிரவில் விழித்துக்கொள்ளும். எது எழுப்பியது என்பதை 'பவர்சிஎஃப்ஜி லாஸ்ட்வேக்' (powercfg /lastwake) கட்டளை காட்டிக்கொடுக்கும். தூங்கவே மறுத்தால் 'பவர்சிஎஃப்ஜி ரிக்வெஸ்ட்ஸ்' (powercfg /requests) போட்டுப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் வீடியோ காரணமாக இருக்கலாம். எழுப்பும் கணினி அதே நெட்வொர்க்கில் இருக்கட்டும். வைஃபையை நம்ப வேண்டாம், கேபிள்தான் உறுதி.

குறை ஒன்று உண்டு. கோலாலம்பூரின் மாலை இடிமழையில் கரண்ட் ட்ரிப் ஆனால், ஸ்லீப்பில் இருந்த சேமிக்காத வேலை போய்விடும். 'ஹைப்ரிட் ஸ்லீப்' என்ற தேர்வு இருந்தால் அதை இயக்கிவிடுங்கள். நினைவகத்தை டிஸ்கிலும் எழுதி வைக்கும். முழுவதும் ஷட் டவுன் செய்த கணினியையும் எழுப்ப வேண்டுமென்றால், விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் (கணினியை விரைவாகத் தொடங்க வைக்கும் அமைப்பு) பயாஸில் ஈஆர்பியையும் (அணைந்த கணினியின் மின்செலவைக் குறைக்கும் அமைப்பு) அணைத்தாக வேண்டும்.